மக்களின் விவரங்களை வெளிநாட்டுச் சர்வரில் வைத்திருக்கும் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளி, மருத்துவமனை, அறக்கட்டளை, தொழிற்சங்கம், சிறு நிறுவனம் என்று நீங்கள் எதை நடத்தினாலும், உங்கள் பொறுப்பில் பிறருடைய பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், முகவரி, அடையாள அட்டையின் நகல் எல்லாம் இருக்கின்றன. சில இடங்களில் நோய் விவரமும் வங்கிக் கணக்கு எண்ணும்கூட. இவற்றில் பெரும்பகுதி இப்போது உங்கள் அலுவலக அலமாரியில் இல்லை; ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. தகவல் பாதுகாப்புப் பணியில் இருக்கும் நாங்கள் இது குறித்து உங்களிடம் நேரடியாகப் பேச விரும்புகிறோம்.

வெளிநாட்டுச் சேவைகளை இன்றே தூக்கி எறியுங்கள் என்று கேட்க வரவில்லை. உங்கள் அலுவலக மேசைக்கு அடியில், இரண்டு வருடமாக அப்டேட் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினியைவிட, பெரிய கிளவுட் நிறுவனங்களின் பாதுகாப்பு பல மடங்கு மேல். எங்கள் கவலை வேறு. "டேட்டா எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலான குழுக்கள் ஒரு நாட்டின் பெயரைச் சொல்கின்றன. "அதைத் திறந்து படிக்க யாரால் முடியும்? அவர்கள் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆபத்து இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்பவர் கைப்பேசியில் அதைத் திறக்கிறார். ஓர் எழுத்துக்கூட நிரப்பவில்லை; அதற்குள் அந்தப் பக்கம் எழுத்துருவுக்காக ஒரு சர்வரையும், பார்வையாளர் கணக்கெடுப்புக்காக இன்னொன்றையும், 'நான் ரோபோ இல்லை' கட்டத்துக்காக மற்றொன்றையும் கூப்பிட்டுவிட்டது. மூன்று இடத்திலும் அவருடைய ஐபி முகவரியும் (இணையத்தில் அவர் இணைப்பைக் காட்டும் எண்) கருவியின் வகையும் வந்த நேரமும் பதிவாகின்றன. பிறகு அவர் விவரங்களை நிரப்பி, அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்றிச் 'சமர்ப்பி' என்பதை அழுத்துகிறார். படிவச் சேவையின் தரவுத்தளத்தில் ஒரு பிரதி. அதோடு இணைத்த விரிதாளில் இன்னொன்று. 'புதிய விண்ணப்பம் வந்துள்ளது' என்று செயலாளருக்கும் பொருளாளருக்கும் முழு விவரத்தோடு மின்னஞ்சல் போகிறது; அங்கே இரண்டு, அவர்கள் கைப்பேசிகளில் இன்னும் இரண்டு. சேவை நிறுவனம் எடுக்கும் பேக்கப்பில் ஒன்று, பல நேரம் வேறொரு நாட்டில். ஒரு மனிதர், ஒரு படிவம், பத்து இடத்தில் சுவடு.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஏற்றும்போது பிழை ஏற்பட்டால், பிழைகளைத் தொகுக்கும் தனிச் சேவைக்கு அறிக்கை போகும். அதில் படிவத்தில் நிரப்பியதும் ஒட்டிக்கொண்டு போவது மென்பொருள் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருந்தால், அட்டையைப் படமெடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வீட்டில் வைத்து எடுத்த படம் என்றால் அது அவர் வீட்டு வாசல். நீங்கள் முகவரி கேட்கவே இல்லை என்றாலும் வாங்கிவிட்டீர்கள்.

உங்கள் படிவம் எங்கெல்லாம் பேசுகிறது என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. கணினியில் குரோம் அல்லது ஃபயர்பாக்ஸில் படிவத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். உங்கள் பெயரில் இல்லாத ஒவ்வொரு டொமைனும், அதாவது இணையத்தளப் பெயரும், ஒரு வெளியாள். குறித்துக்கொள்ளுங்கள். அந்த டொமைனின் ஐபி முகவரியை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். பெரிய சேவைகள் உலகெங்கும் முனையங்கள் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்தில் உள்ளதிலிருந்து பதில் அனுப்புகின்றன. பக்கத்து ஊர் என்று தெரியும்; தரவுத்தளமோ கடல் தாண்டி இருக்கும். நம்பத்தகுந்த ஆவணம், அந்த நிறுவனம் வெளியிடும் சப்-ப்ராசஸர் பட்டியல்தான், அதாவது அவர்கள் தங்கள் வேலைக்கு அமர்த்தியிருக்கும் மற்ற நிறுவனங்களும் அவை இயங்கும் நாடுகளும். பட்டியலே இல்லை என்று சொல்லும் நிறுவனத்திடம் அடையாள அட்டை நகலை ஒப்படைக்காதீர்கள்.

"நாங்கள் உள்நாட்டு ரீஜியனைத்தான், அதாவது உள்நாட்டில் உள்ள சர்வர்களைத்தான், தேர்ந்தெடுத்திருக்கிறோம், பிறகென்ன?" என்று கேட்பீர்கள். 2013 டிசம்பரில் ஓர் அமெரிக்க நீதிமன்றம், ஒரு பயனரின் மின்னஞ்சல்களைத் தருமாறு மைக்ரோசாஃப்டுக்கு உத்தரவிட்டது. அந்த மின்னஞ்சல்கள் இருந்தது அயர்லாந்தின் டப்ளினில் உள்ள சர்வரில். அங்கே இருப்பதைத் தர முடியாது என்று நிறுவனம் மறுத்தது. 2016-இல் மேல்முறையீட்டில் வென்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் 'கிளவுட் சட்டம்' என்பதை நிறைவேற்றியது. அமெரிக்கச் சட்டத்துக்குட்பட்ட சேவை நிறுவனம், தன் கட்டுப்பாட்டில் உள்ள தரவு உலகில் எங்கே இருந்தாலும் முறையான உத்தரவு வந்தால் கொடுத்தாக வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த மாதமே அந்த வழக்குக்கு வேலையில்லை என்று முடித்துவைத்தார்கள். சர்வர் டப்ளினிலேயே இருந்தது. சட்டம்தான் அங்கே வந்து சேர்ந்தது.

இதை அமெரிக்காவின் குறையாக மட்டும் பார்ப்பது தவறு. சீனாவின் 2017 தேசியப் புலனாய்வுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, நாட்டின் எல்லா அமைப்புகளும் குடிமக்களும் புலனாய்வுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. எந்த நாட்டு நிறுவனத்திடம் கொடுத்தாலும் அந்த நாட்டு அரசின் கை அதன் தோளில் இருக்கும். அமெரிக்காவின் ஃபிசா என்ற வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தில் 2008-இல் சேர்ந்த 702-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவர்களைக் குறிவைக்க ஆளுக்கொரு நீதிமன்ற வாரண்ட் கேட்பதில்லை. அந்நாட்டுக் குடிமக்களுக்கு இருக்கும் காப்பு உங்கள் உறுப்பினருக்கு இல்லை. தன் நாட்டு நீதிமன்றத்தில் அவர் கேட்கக்கூடிய கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆளும் இல்லை.

பார்ப்பதும் எடுத்துச் செல்வதற்குச் சமம் என்பதை நிர்வாகிகள் பலர் யோசிப்பதில்லை. 2025 மே மாதம் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிக்டாக்குக்கு 53 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பியப் பயனர்களின் தரவைச் சீனாவில் இருக்கும் ஊழியர்கள் தொலைவிலிருந்து திறந்து பார்க்க முடிந்ததுதான் அதன் மையம். சீனச் சர்வரில் எதையும் வைக்கவில்லை என்று விசாரணை முழுக்கச் சொல்லிவந்த நிறுவனம், ஒரு சிறு பகுதி அங்கே சேமிக்கப்பட்டிருந்ததாகக் கடைசியில் ஒப்புக்கொண்டது. சுவீடனின் போக்குவரத்து முகமை 2015-இல் தன் கணினி வேலையை வெளியாருக்கு விட்டபோது, உரிய பாதுகாப்புச் சோதனைக்கு உட்படாத பிற நாட்டுத் தொழில்நுட்பர்கள் ரகசியப் பதிவேடுகளைத் திறக்கும் நிலை உருவானது. 2017-இல் இது வெளியே வந்ததும் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். ஆகவே உங்கள் சேவை நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: இரவு இரண்டு மணிக்கு நாங்கள் உதவி கேட்டு எழுதினால், அதற்குப் பதில் சொல்பவர் எந்த நாட்டில் இருந்து, எங்கள் கணக்கில் எதையெல்லாம் பார்ப்பார்? எங்கள் அனுமதி இல்லாமல் பார்க்க முடியுமா? பார்த்தால் அது பதிவாகுமா, அந்தப் பதிவு எங்களுக்குக் கிடைக்குமா?

ஒப்பந்தத்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஐரோப்பாவின் அனுபவம் போதும். அமெரிக்காவுக்குத் தரவு அனுப்ப அவர்கள் செய்த ஏற்பாட்டை ஐரோப்பிய நீதிமன்றம் 2015 அக்டோபரில் ரத்து செய்தது. அதற்கு மாற்றாக வந்த இரண்டாவது ஏற்பாட்டை 2020 ஜூலை 16 அன்று ரத்து செய்தது, ஒருநாள் அவகாசம்கூடக் கொடுக்காமல். இப்போது நடப்பில் இருப்பது 2023 ஜூலையில் வந்த மூன்றாவது. இதற்கிடையில் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ, தன் ஓட்டுநர்களின் விவரங்களை அமெரிக்கச் சர்வருக்கு அனுப்பியதற்காக ஊபருக்கு 29 கோடி யூரோ என்று அபராதங்கள். இந்தியாவின் 2023 சட்டமோ வேறு வழி: பொதுவாக அனுப்பலாம், அரசு தடை செய்யும் நாடுகளுக்கு மட்டும் கூடாது. அப்படி ஒரு நாட்டின் பெயர் திடீரென அறிவிக்கப்பட்டால், உங்கள் விவரங்களை எத்தனை நாளில் வெளியே எடுக்க முடியும்? இதற்கு விடை வைத்திருக்கும் குழு அரிது.

இனிச் சாவிக்கு வருவோம். "எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டுள்ளது" என்று, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுள்ளது என்று, விற்பனையாளர் சொல்வார். பொய் இல்லை. ஆனால் எதிலிருந்து காக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார். வழியில் செய்யும் என்கிரிப்ஷன், பயணத்தின்போது ஒட்டுக்கேட்பவரைத் தடுக்கும். வட்டில் செய்வது, தரவு மையத்திலிருந்து ஹார்டு டிஸ்கைத் திருடிப் போகிறவரைத் தடுக்கும். இரண்டிலும் சாவி சேவை நிறுவனத்திடமே இருப்பதால், அந்த நிறுவனத்தின் ஊழியரையோ அதற்கு உத்தரவிடும் அரசையோ இவை தடுக்காது. 'உங்கள் சாவியை நீங்களே கொண்டுவாருங்கள்' என்ற வசதியும் இருக்கிறது; அதில் சாவியை உருவாக்குவது நீங்கள், அதை அவர்களுடைய பெட்டகத்தில்தான் வைக்கிறீர்கள். பூட்டையும் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் ஏற்பாடு இது. காப்பாற்றுவது ஒன்றே: உங்கள் கணினியிலிருந்து புறப்படும் முன்பே பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்வது.

சிறு அமைப்புகளால் இது முடியும். அடையாள அட்டை நகல்கள், மருத்துவக் குறிப்புகள், வங்கி விவரங்கள் இருக்கும் கோப்புறையை மட்டும் கிரிப்டோமேட்டர் போன்ற இலவச மென்பொருளால் பூட்டி, பூட்டியதை மட்டுமே கிளவுடுக்கு அனுப்புங்கள். அது கோப்பின் பெயரையும் சேர்த்து மறைக்கும். இது முக்கியம், உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும், ஒருவரின் பெயரோடு 'டயாலிசிஸ் உதவி விண்ணப்பம்' என்று கோப்புக்குப் பெயரிட்டிருந்தால் பூட்டி என்ன பயன்? கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் மென்பொருளைப் பயன்படுத்துவதானால் 7இசட் வகையைத் தேர்ந்தெடுத்து, பெயர்களை மறைக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். ஜிப் வகையில் அந்த வசதியே கிடையாது. அப்படியும் ஜிப் வகைதான் வேண்டும் என்றால் ஏஇஎஸ்-256 முறையைத் தேர்ந்தெடுங்கள், ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை உடைக்க எளிது.

இங்கே தவறுவது சாவியில்தான். பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். அதே டிரைவில் 'பாஸ்வேர்டு' என்ற கோப்பில் எழுதி வைக்கிறார்கள். அல்லது ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருந்து, அவர் விலகியதும் பத்து வருடப் பதிவேடு யாராலும் திறக்க முடியாத பெட்டியாகிவிடுகிறது. தொடர்பில்லாத ஆறு சொற்களைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சேர்த்த கடவுச்சொல் போதும். அதைக் காகிதத்தில் எழுதி, முத்திரையிட்ட இரண்டு உறைகளில், இரண்டு இடங்களில், இரண்டு பொறுப்பாளர்களிடம் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இதற்கு முன் அந்த மென்பொருளே இல்லாத ஒரு கணினியில் பேக்கப்பிலிருந்து பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பூட்டியதில் தேட முடியாது, அறிக்கை எடுக்க முடியாது என்பது உண்மை. கட்டண மென்பொருளுக்கும் குறுஞ்செய்திச் சேவைக்கும் விவரம் தேவைப்படும். அதற்குப் பதிவேட்டை இரண்டாகப் பிரியுங்கள். உறுப்பினர் எண்ணும் பெயரும் தொடர்பு விவரமும் உள்ள பட்டியல் உங்களிடம். கட்டணம், வருகை போன்றவை எண்ணோடு மட்டும் வெளியே. அந்த எண் குலுக்கலில் வந்ததாக இருக்கட்டும். கைப்பேசி எண்ணை 'ஹேஷ்' செய்து, அதாவது ஒரு கணித முறையால் புரியாத குறியீடாக மாற்றி, அதையே அடையாளமாகப் பயன்படுத்துங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். பத்து இலக்க எண்ணுக்கு மொத்தம் ஆயிரம் கோடி வாய்ப்புகளே உண்டு. இன்றைய ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வினாடிக்குப் பல நூறு கோடி ஹேஷ்களைக் கணக்கிடும். எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பதும் அதே வகை நம்பிக்கை. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் சேர்ந்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருக்கிறது என்று கணினி ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டு போதுமென்றால் ஆண்டை மட்டும் கேளுங்கள். வயதைச் சரிபார்க்க அட்டையைப் பார்த்தால் போதும். பார்த்தேன் என்று டிக் செய்துவிட்டு நகலை வாங்காமல் விடுங்கள். உங்களிடம் இல்லாததை எந்த நாடும் கேட்க முடியாது.

ரகசியம் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கதவு அடைபடுவதும் உண்டு. 2019 ஜூலையில், அமெரிக்கத் தடைச் சட்டங்களைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளுக்கு, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெனிசுவேலாவின் எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது, பிறகுதான் பின்வாங்கியது. அந்தப் பயனர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எனவே மாதம் ஒருமுறை முழுப் பதிவேட்டையும் சிஎஸ்வி போன்ற பொது வடிவத்தில் இறக்கி, பூட்டி, உங்கள் கையில் வையுங்கள். கணக்கின் உரிமை ஒரு தனிநபரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் உள்நாட்டுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பயன்படுத்திவந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியே பேக்கப் இல்லை. சொந்த நாடு, சொந்த அரசு, சொந்தக் கட்டடம், எதுவும் உதவவில்லை. மறுபுறம், எஸ்டோனியா தன் அரசுப் பதிவேடுகளின் பிரதியை லக்சம்பர்கில் வைத்திருக்கிறது. ஆனால் 2017-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து, அந்தச் சர்வர்களுக்குத் தூதரகத்துக்கு இணையான காப்பைக் கொடுத்த பிறகே வைத்தது. உங்களுக்கும் எங்களுக்கும் அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள வழியில்லை. பூட்டிய பிரதி ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்று வைப்பது நம் அளவுக்கு அதற்கு நெருக்கமான ஏற்பாடு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை சில. விவரம் கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள்? ஐரோப்பியச் சட்டம், கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே வர வேண்டும், ஏனென்றால் உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியது நீங்கள். நாங்கள் நீக்கியது பேக்கப்பிலிருந்து எத்தனை நாளில் போகும்? நீக்கு பொத்தானை அழுத்தினால் பல சேவைகளில் அது உங்கள் கண்ணிலிருந்து மறைகிறது, அவ்வளவுதான். அரசு கேட்டால் எங்களுக்குத் தெரிவிப்பீர்களா? எங்கள் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு அனுப்புகிறீர்களா, அதை அணைக்க முடியுமா? வழக்கு என்று வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்? கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் விதிமுறைப் பக்கத்தின் அடியில் ஏற்கெனவே எழுதியிருக்கும். ஒருமுறை படித்துப் பாருங்கள். கசிந்த பிறகு இதையெல்லாம் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த சேர்க்கைக்கான படிவத்தைத் திறக்கும் முன், உங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் ஆறு நெடுவரிசைகள் போடுங்கள்: என்ன விவரம், எதற்காக, எந்தச் சேவையில், எந்தெந்த நாடுகளில், சாவி யாரிடம், எப்போது அழிப்போம். 'எதற்காக' என்ற நெடுவரிசை காலியாக இருக்கும் விவரங்களைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய பதிவுகளிலிருந்தும் அழியுங்கள். 'சாவி யாரிடம்' என்பதில் சேவை நிறுவனத்தின் பெயர் வருகிற இடத்தில் அடையாள அட்டையோ மருத்துவ விவரமோ இருந்தால், அந்தக் கோப்புறையை முதலில் பூட்டுங்கள். மின்னஞ்சல் அறிவிப்பில் முழு விவரத்துக்குப் பதில் 'புதிய விண்ணப்பம் வந்துள்ளது' என்ற ஒரு வரி மட்டும் போகும்படி மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை, நான்கு பிரதிகள் குறையும். நிரப்பிய தாளை உங்கள் உறுப்பினர்கள் பார்க்கும்படி வையுங்கள். அதில் இருப்பது அவர்களுடைய விவரம்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புப் பணியில் இருக்கும் நாங்கள்